குரல் கொடுத்தால் கதவு திறக்கும்

நாலு பேர் இருக்க வேண்டிய மீட்டிங்கில் ஐந்து பேர் இருந்தார்கள்.

பொடியன் மறுபடி எண்ணினாள். திரையில் ஐந்து கறுப்புக் கட்டங்கள். 'பொடியன்' அவள். 'பெரியம்மா', 'வில்லன்', 'ஹீரோ' மூவரும் அவள் அழைத்தவர்கள். ஐந்தாவது கட்டத்தில் 'டேப்லெட்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"யாரு அது, டேப்லெட்?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

அவள் உட்கார்ந்திருந்தது படுக்கையறை அலமாரிக்குள். தொங்கும் குளிர்காலக் கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பதால், டப்பிங் பேசுகிறவர்களுக்கு வீட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, மடியில் லேப்டாப்பைத் திறந்தால், பனி பெய்யும் ஊருக்கு ராத்திரி ரயிலில் தனியாகப் போவதுபோல இருக்கும் அவளுக்கு. இன்று அந்த ரயிலில் யாரோ டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தார்கள்.

நாற்பத்தைந்து தாண்டி, கல்லூரி போகும் மகளோடு இருப்பவளை எல்லாரும் பொடியன் என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. படங்களில் வரும் சின்னப் பையன்கள் எல்லாருக்கும் பல வருஷமாக அவள்தான் குரல். அந்தத் தொழிலில் ஆளுக்குப் பெயர் வைப்பது குரல்தான். வில்லன் நேரில் கரப்பான்பூச்சிக்கு வழி விடுகிறவர். ஹீரோ பலகை போட்டு ஏறி நின்றால்தான் மைக் எட்டும். பெரியம்மா எல்லாத் தாய்மார்களுக்கும் எல்லா மாமியார்களுக்கும் குரல். அவர் அழுதால் ஒலிப்பதிவுக்காரர் மூக்கைச் சிந்துவார்.

"அக்கா, அது முதலாளியா இருக்குமோ?" ஹீரோ கேட்டான்.



ஸ்டூடியோ முதலாளி குரலை நகலெடுக்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். நாளைக் காலை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, 'என் குரலை இந்த மெஷினுக்குக் கொடுக்கச் சம்மதம்' என்று கையெழுத்து வாங்கப் போகிறார். நாலு பேரும் மாட்டேன் என்றால் மெஷின் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். ஒருவர் சம்மதித்தால்கூடப் போதும், அந்த ஒரு குரலை வைத்தே மெஷின் எல்லாருக்கும் பேசிவிடும்; மற்றவர்களும் கோட்டையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாலு பேரையும் ஒரே முடிச்சாகக் கட்டத்தான் இந்த மீட்டிங். இதைப் பொடியன் சத்தம் வெளியே போகாத டப்பிங் அறைக்குள், மைக் பக்கத்தில் நின்றுதான் மற்ற இருவரிடமும் கிசுகிசுத்திருந்தாள். லீவில் ஊருக்குப் போயிருப்பதாக ஸ்டூடியோவில் சொன்ன பெரியம்மாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினாள்.

"முதலாளியேதான்," என்றார் வில்லன். மலைப்பாம்பு பேசினால் வரும் குரல், நடுங்கியது. "அவர் மீட்டிங்ல வாயே திறக்க மாட்டாரு. மைக்கை மூடிக்கிட்டு மூலையில கேட்டுக்கிட்டே இருப்பாரு. கடைசியா ஒரு வார்த்தை சொல்வாரு. அதோட ஒருத்தன் வேலை போயிருக்கும்."

"இந்த லிங்க் அவர்கிட்ட எப்படி?"

"யார்கிட்டதான் இல்ல?" என்றான் ஹீரோ. "வருஷக்கணக்கா ஒரே லிங்க். பூந்தொட்டிக்கு அடியில சாவிய வெச்சுட்டு, தெருவுக்கே சொல்லிட்டு வந்த மாதிரி."

அவன் சொன்னது நிஜம். வசன ஒத்திகை, பிறந்தநாள் பாட்டு, மகளின் பள்ளிக்கூட ஆசிரியையிடம் கெஞ்சியது, எல்லாம் பொடியனின் இந்த ஒரே அறையில்தான். பூட்டு என்று அவள் போட்டிருந்தது கேமராவுக்கு மட்டும். முன்பொரு தடவை ரசிகர்கள் சிலர் புகுந்து, தங்கள் செல்லப் பையன் நரைத்த தலையோடு வெங்காயம் உரிப்பதைப் பார்த்து அழுதுவிட்டார்கள். அன்றைக்கு எல்லாருடைய கேமராவையும் ஒரேயடியாக அடைத்தவள், திறக்கவே இல்லை.

அப்போது சாட்டில் ஒரு வார்த்தை வந்து விழுந்தது. அனுப்பியது டேப்லெட்.

'நான்'

அவ்வளவுதான்.

"நான்னா யாரு?" என்றாள் பொடியன்.

"மிரட்டுறாரும்மா!" என்றார் வில்லன். "அவரு வேற, யாரு என்னன்னு சொல்லணுமா? நான்னு சொன்னாலே போதாதா?"

ஒரு சின்ன இடைவெளிக்குப் பிறகு பெரியம்மாவின் குரல் வந்தது. சுடச்சுடப் பால் மாதிரி குரல். "முதல்ல சாட்டை மூடுடா பொடியா. எழுத்துல எது இருந்தாலும் நாளைக்கு நமக்கு எதிரா அதையே காட்டுவாங்க."

பெரியம்மாவுக்கு அவள் எப்போதுமே 'டா'தான்.

இனி யாரும் எழுத முடியாதபடி அவள் சாட்டை மூடினாள். 'நான்' மட்டும் திரையின் ஓரத்தில் அப்படியே நின்றது.

"இப்ப எல்லாரையும் வெளிய அனுப்பு," என்றது பெரியம்மாவின் குரல். "காத்திருப்பு அறையில நிக்கட்டும். ஒவ்வொருத்தரா கூப்பிடு. குரலைக் கேட்டு உள்ள விடு. நம்ம குரலை நமக்குத் தெரியாதா?"

வழக்கமாகப் பெரியம்மா யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார். இன்று எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, நிதானமாக யோசனை சொன்னார். ஆபத்தில்தான் பெரியவர்கள் பெரியவர்களாகிறார்கள் என்று பொடியன் நினைத்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினாள். அறை காலியானது. காத்திருப்பு அறையில் ஒவ்வொன்றாகப் பெயர்கள் வந்து நின்றன.

ஹீரோ. வில்லன். பெரியம்மா.

பெரியம்மா.

'டேப்லெட்'டைக் காணவில்லை. கோட்டின் கை ஒன்று அவள் கழுத்தில் பட்டது. அவள் துள்ளினாள்.

முதலில் ஹீரோவை உள்ளே விட்டாள். "பேசு."

"எதுக்குக்கா? என் மௌனத்துலயே ஒரு கம்பீரம் இருக்குமே."

"மௌனமா இருக்கிறவன் இன்னைக்கு வெளியதான்."

"என் உயிர் இருக்கும்வரை இந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட..."

"போதும். நீதான்."

"இன்னும் நாலு வரி இருக்குக்கா."

அடுத்தது வில்லன். கொசு காதோரம் வந்ததுபோல் ஒரு கிசுகிசு: "நான்தாம்மா."

"சத்தமா பேசுங்கண்ணே."

"முடியாதும்மா. ஹாலுக்கு மாமியார் வந்துட்டாங்க."

"இந்தக் குரல்ல யாரு வேணும்னாலும் பேசலாம். உங்க நிஜக் குரலைக் காட்டுங்க. இல்லன்னா மன்னிச்சுக்குங்க, வெளிய."

நீண்ட பெருமூச்சு கேட்டது. பிறகு அலமாரியின் ஹேங்கர்கள் அதிர்ந்தன.

"உன் வம்சத்துல ஒரு விளக்கு எரியக் கூடாது! இந்த வீட்டை இடிச்சு, இடிச்ச இடத்துல உப்பைத் தூவிட்டுத்தான் போவேன்!"

அந்தப் பக்கம் ஒரு கோப்பை உடைந்தது. பின்னணியில் ஒரு பெண் குரல்: "யாரைச் சொல்றீங்க? எங்கம்மாவையா?"

"வாங்கண்ணே, நீங்கதான்."

"இனிமே எனக்கு உள்ளதான் இடம்," என்றார் வில்லன். "வெளிய எனக்கு எதுவும் மிச்சமில்ல."

மிச்சம் இரண்டு பெரியம்மாக்கள்.

பொடியன் தன் போனை எடுத்துப் பெரியம்மாவின் எண்ணை அழுத்தினாள். ஒரே மணி. வெட்டிவிட்டார்கள். முதலில் நின்ற பெரியம்மாவை உள்ளே விட்டாள்.

"என்னடா பொடியா, என்னையே வாசல்ல நிக்க வெச்சுட்டே?"

"போன் பண்ணேனே பெரியம்மா, எடுக்கலையே?"

சின்ன இடைவெளி. நெட்வொர்க் மோசம். "நான்தான் வெட்டினேன். உள்ள வந்து பேசப் போறவளுக்கு வெளிய என்ன பேச்சு?"

"தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை அந்தக் குளத்துக் காட்சி. தொலைஞ்ச பையன் கிடைச்சுட்டான்னு கேட்டதும் அழுதுகிட்டே சிரிப்பீங்களே."

மறுபடி ஒரு இடைவெளி. பிறகு அது வந்தது. முதலில் விம்மல், உடைந்த மூச்சு, அதன் அடியிலிருந்து நீரூற்றுபோல் முட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. எது அழுகை, எது சிரிப்பு என்று பிரிக்கவே முடியவில்லை. பொடியனுக்குக் கண் நிறைந்தது.

"இதை எந்த மெஷின் பண்ணும்?" என்றான் ஹீரோ, தழுதழுத்து. "போன மாசம் அது அழுததைக் கேட்டோமே. அடைச்ச குழாய் மாதிரி."

"அதைத்தான் நாளைக்கு முதலாளி முகத்துக்கு நேரா சொல்லணும்," என்றாள் பொடியன்.

இரண்டாவது பெரியம்மாவை உள்ளே விட்டாள்.

"பேசுங்க."

மைக் திறந்தது. காற்று. டயரிலிருந்து மெல்லக் காற்று இறங்குவதுபோல், 'ஹ்...' என்று ஒன்று.

"ஊமைப் படத்துக்கு டப்பிங் பேச வந்தீங்களா? பேசுங்க!"

டக். டக். டக். யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

"அவரேதான்!" வில்லன் அலறினார். "கோவம் வந்தா மேஜையைத் தட்டுவாரு!"

பொடியனுக்குள் பல வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தது.

"இன்னொருத்தர் பேரைப் போட்டுக்கிட்டு வர வெக்கமா இல்ல உங்களுக்கு? அதுவும் யாரு பேரை! அவங்க கால் தூசிக்கு வருவீங்களா? உங்க முகத்தைப் பார்த்தாலே எங்களுக்குக் காலையில குடிச்சது வெளிய வருது. உங்க மெஷினோட நீங்களே குடும்பம் நடத்துங்க. போங்க!"

டக் என்று ஒரே ஒரு தட்டல். அது கொஞ்சம் தாமதமாக, தளர்ந்து கேட்டது. அவள் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். இனி ஒருபோதும் வர முடியாது, சரியா என்று கேட்டது திரை. சரி என்றாள்.

மனசு லேசாக இருந்தது.

அலமாரிக் கதவு திறந்து மகள் தலையை நீட்டினாள். "அம்மா, யாரைம்மா இந்தத் திட்டு திட்டுறே? என் மழைக்கோட்டைக் கொடு. அப்புறம் திட்டு."

"எங்க முதலாளியை. கதவைச் சாத்திடி."

"முதலாளியையா? அய்யோ! மீட்டிங்கைப் பூட்டியாச்சா?"

"இதோ பூட்டப் போறேன்."

"பூட்டுறதுக்கு முன்னால உள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு பார்த்தியா?"

"பார்க்கல. கேட்டேன்."

மகள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மழைக்கோட்டை உருவிக்கொண்டு போனாள்.

லேப்டாப்பில் மணியடித்தது. காத்திருப்பு அறையில் புதுப் பெயர். 'டிரைவர்'.

"முதலாளியோட டிரைவர்!" ஹீரோ கத்தினான். "தன்னை வெளிய தள்ளினதும் டிரைவர் போன்ல வர்றாருக்கா!"

"பூட்டுடா," என்றது பெரியம்மாவின் குரல். "அப்புறம் எல்லாரும் போனையும் அணைச்சிடுங்க. கூப்பிட்டு மிரட்டுவாங்க, செய்தி அனுப்பிக் குழப்புவாங்க. இனிமே இந்த நாலு சுவத்துக்குள்ள நாம மட்டும்தான்."

பொடியன் போனைப் பார்த்தாள். ஏதோ செய்திகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. படிக்காமலே அணைத்தாள். மீட்டிங்கைப் பூட்டினாள். திரையில் ஒரு சின்னப் பூட்டு முளைத்தது. அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

"இப்ப கேளுங்க," என்றது பெரியம்மாவின் குரல், இன்னும் தாழ்ந்து. "நாளைக்கு நம்மளை ஒவ்வொருத்தரா தனியா கூப்பிடுவாரு. யாருக்கு எங்க தட்டினா வலிக்கும்னு நமக்குள்ள தெரிஞ்சாத்தானே, ஒருத்தர் சாயும்போது இன்னொருத்தர் பிடிக்க முடியும்? ஒளிக்காம சொல்லுங்க. எதைக் காட்டினா கையெழுத்துப் போட்டுடுவீங்க?"



"போஸ்டர்ல என் பேரு," என்றான் ஹீரோ. கம்பீரமே இல்லாத குரல். பொடியன் அதைக் கேட்டதே இல்லை. "ஒரே ஒரு தடவை. கீழ, பொடி எழுத்துல போட்டாக்கூட... நான் போட்டுடுவேன்க்கா. இத்தனை வருஷத்துல என் பேரை எங்கம்மா எங்கயும் படிச்சதில்ல."

"என்னைப் பார்த்துக் குரலை உசத்தினாப் போதும்," என்றார் வில்லன். "பேனாவை நானே கொண்டுபோய் நீட்டுவேன். எனக்குச் சத்தம்னாலே பயம்மா. என் சத்தத்துக்கே பயம்."

"நீ, பொடியா?"

பொடியன் இருட்டைப் பார்த்தாள். கோட்டுகள் வரிசையாகத் தலை குனிந்து கேட்பதுபோல் நின்றன.

"என் குரல் உடையுது பெரியம்மா."

அவள் லேப்டாப்பை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"போன குளிர்காலத்துல இருந்து. பையன் உச்சியில சிரிக்கிற இடம் வரமாட்டேங்குது. காலையிலயே போய், வெந்நீர் குடிச்சு, எப்படியோ தேத்திடுறேன். என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. நாளைக்கு அவரு 'மெஷின் உன் உடையற இடத்தை மட்டும் ஒட்டிக் கொடுக்கும், பையன் எப்பவும் நீதான்'னு ஒரு வார்த்தை சொன்னா..." அவள் மூக்கை ஒரு கோட்டுக் கையில் துடைத்தாள். "படிக்காமலே போட்டுடுவேன்."

இடைவெளி.

"இதை எத்தனை நாளா நெஞ்சுல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சே, கண்ணு?" என்றது பெரியம்மாவின் குரல். அந்தக் 'கண்ணு'வில் பொடியன் விசும்பி விசும்பி அழுதாள். ஹீரோவும் அழுதான். வில்லன் மூக்கைச் சிந்திய சத்தத்தில் மறுபடி ஏதோ உடைந்தது.

"உங்களுக்கு, பெரியம்மா?" என்று கேட்டாள், தேறியதும். "உங்களுக்கு எங்க வலிக்கும்?"

இந்தத் தடவை இடைவெளி கொஞ்சம் நீளமாக இருந்தது.

"எனக்கு எங்கயும் வலிக்காதுடா."

அதைச் சொன்ன நிதானத்தில் மூவருக்கும் முதுகெலும்பு நிமிர்ந்தது. இப்படி ஒருவர் கூட இருக்கும்போது என்ன பயம்?

அப்போது வாசல் மணி அடித்தது.

நாலு கட்டங்களும் உறைந்தன.

"டிரைவர்," என்றார் வில்லன். "வீட்டுக்கே அனுப்பிட்டாரு."

மணி விடாமல் அடித்தது. மகள் அப்போதுதான் வெளியே போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"போகாதீங்கக்கா!"

"போகலன்னா கதவை உடைப்பான் போல இருக்கே."

அவள் எழுந்த வேகத்தில் ஹெட்போன் பிடுங்கிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைக் கோட்டுகளுக்கு நடுவில் விட்டுவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்தபடியே போட்டாள். கைக்கு ஆயுதமாக மர ஹேங்கர் ஒன்று கிடைத்தது. நடைவழியில் அடி மேல் அடி வைத்து நடந்தாள். கதவின் பூதக்கண்ணாடி ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

ஹேங்கர் தானாகத் தாழ்ந்தது.

வெளியே மூச்சிரைக்க நின்றவர், பெரியம்மாவின் கணவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மழையில் தொப்பி நனைந்திருந்தது. கக்கத்தில் புத்தம் புது டேப்லெட் ஒன்று.

"பெரியப்பா! நீங்களா?" அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "உள்ள வாங்க. நாங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தோம். ஊர்ல இருந்து எப்ப வந்தீங்க?"

"எந்த ஊரு? நாங்க எங்கயும் போகலையே. போனை எதுக்கும்மா அணைச்சு வெச்சிருக்கே? நானும் எத்தனை தடவை அடிக்கிறது?"

"பெரியம்மாதான் அணைக்கச் சொன்னாங்க. இன்னைக்கு அவங்க மட்டும் இல்லன்னா நாங்க செத்தோம், பெரியப்பா. என்னமாப் பேசுறாங்க!"

பெரியப்பா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில், படுக்கையறை அலமாரியிலிருந்து, கோட்டுகளைத் தாண்டி, நடைவழி முழுக்க நிறைந்து வந்தது அந்தக் குரல்.

"பொடியா, வாசல்ல யாருடா?"

பெரியப்பா தொப்பியைக் கழற்றினார். நனைந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"அடடா, அவ குரலு! தொண்டையில கத்தி வெச்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவும்மா. உங்க முதலாளிகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லி லீவு வாங்கிட்டு, எழுதிக் காட்டத்தான் இந்த டேப்லெட்டை வாங்கினா. நீ திட்டின திட்டுல இப்ப கீழ படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா... இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! டிவியில எந்தப் படம்மா ஓடுது?"